ஒழுகும் குழாய்க்குக் காவல் நின்ற பேராசிரியருக்குத் தாவரவியல் துறையினர் வாசித்தளிக்கும் மடல்

ஈரத்தின் உறவே! வேரில்லாதவற்றுக்கும் விலாசம் தந்த வித்தகியே! பெரணி இலையின் அடியில் பழுப்புப் புள்ளி கண்டு நோயென்று அலறி மருந்து தெளிக்க வந்தோரை, பூதக்கண்ணாடி ஒன்றைக் கையில் கொடுத்து வாயடைக்கச் செய்த வல்லமையே! மூன்று முதல்வர்களை மூச்சு வாங்க வைத்து, நான்காமவரை இன்று எங்கள் நடுவே நாற்காலி நுனியில் அமர வைத்திருக்கும் நெஞ்சுரமே! தாவரவியல் துறையின் தளராத தலைவியே! வணக்கம், வணக்கம், மீண்டும் வணக்கம்!

நேரம் தவறாதவர் என்று முதலில் எழுதினோம். மணி அடித்த பின்னும் தாங்கள் சுவரோரம் குனிந்து நிற்க, வகுப்பே எழுந்து தங்களைத் தேடி வந்த கதையை மாணவர்கள் மறக்கவில்லை, அந்த வரியை அடித்துவிட்டோம். பொறுமையின் சிகரம் என்று எழுதினோம். அலுவலகக் கண்காணிப்பாளர் முன்வரிசையில் இருக்கிறார், வாய்விட்டுச் சிரித்துவிடுவார், அதையும் அடித்துவிட்டோம். உள்ளதைச் சொல்வதே உத்தமம் என்று தேர்ந்தோம். வந்திருக்கும் உறவினர்க்கும் பிற துறை நண்பர்க்கும் விளங்கும்பொருட்டு, எதிரில் இருப்பவரை இல்லாதவர்போல் வைத்துப் பேசும் எங்கள் நெடுநாள் பழக்கத்தைச் சற்று நேரம் இங்கும் தொடர்கிறோம். பொறுத்தருள்க.

ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால், சாமான் அறைக்கும் மாடிப்படிக்கும் நடுவே, இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டிய ஒரு சந்து உண்டு. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் அங்கே ஒரு முழங்கையாய் மடங்கும். அந்த முழங்கையில் ஓர் ஒழுகல். மற்றத் துறையினர் குழாய்க்காரர் வரவில்லை என்று சண்டையிடுவார்கள். அவர் வந்துவிட்டார் என்று சண்டையிட்டவர் எங்கள் அம்மையார் ஒருவரே!

அவர் பணியில் சேர்ந்த புதிது. ஸ்பானரும் சணலுமாக வந்த குழாய்க்காரரின் முன்னே இரு கைகளையும் விரித்து நின்றாராம்.

"அண்ணே, அதைத் தொடாதீங்க."

"ஒழுகுதும்மா."

"ஒழுகட்டும்."

"தண்ணி வீணாப் போகுதே!"

"ஒண்ணும் வீணாப் போகல. அங்க கல்யாணம் நடக்குது."

குழாய்க்காரர் சுவரைப் பார்த்தார், அம்மையாரைப் பார்த்தார், கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார். புதிதாக வந்த மேடத்துக்கு எங்கோ ஒரு மரை கழன்றிருக்கிறது என்ற செய்தி மதியச் சாப்பாட்டுக்குள் நூலகம் வரை போய்விட்டது. யார் கொண்டுபோனார்கள் என்ற ஆராய்ச்சி இப்போது எதற்கு?

கல்யாணம் என்று அவர் சொன்னது விளையாட்டன்று. கட்டில் அகலமே உள்ள அந்தச் சுவரில், நீரை விட்டு நிலமேறிய பச்சையின் வரலாறு முழுதும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒழுகலுக்கு நேர் கீழே, ஈரல் துண்டுபோல் தட்டையாய்ப் படர்ந்த செடி. அதன்மேல் குட்டிக் கிண்ணங்கள், கிண்ணத்துக்குள் குஞ்சுச் செடிகள், சொட்டு விழுந்தால் துள்ளிப் போய் வேறிடத்தில் குடியேறும், துணை தேடும் தொல்லையே இல்லாமல். அதன் பக்கத்தில் வெல்வெட்டுத் திட்டுகளாய்ப் பாசி. ஆண் ஒரு திட்டு, பெண் ஒரு திட்டு, நடுவில் நீர்ப்படலம் இருந்தால்தான் ஆணின் அணு நீந்திப் போய்ச் சேரும். விரிசலில் பெரணி; அதன் இலையடிப் புள்ளிகள் உதிர்த்த தூளிலிருந்து பிறப்பது பெரணியன்று, நகத்தளவு இதய வடிவப் பச்சைத் தகடு ஒன்று; அந்தத் தகட்டில்தான் அடுத்த பெரணிக்குக் கருக்கூடும், அதற்கும் நீர் வேண்டும். சந்தின் வாயில், வெளிச்சம் விழும் இடத்தில், பனங்கன்றுபோல் ஓலை விரித்த சைக்கஸ் தொட்டிச்செடி ஒன்றும், யாரும் விதைக்காமல் பூத்த களைச்செடி ஒன்றும்: காற்றையும் வண்டையும் தூதனுப்பி, நீருக்குக் கையேந்தாத கெட்டிக்காரக் குடும்பங்கள். ஈரத்திலிருந்து விடுதலை வரை பத்தடி தூரம். பாடப்புத்தகம் பல அதிகாரங்களில் சொல்வதை அம்மையார் அந்தப் பத்தடியில் மாணவரை நடத்திக் காட்டினார்.

அவருடைய கணவர், வங்கியில் காசாளராய் இருந்து ஓய்ந்தவர், இதோ வீற்றிருக்கிறார். முன்பொரு விழாவில் எங்களிடம் புலம்பினார்: "வீட்டுக் குழாய் ஒழுகினா என்னைத் திட்டறா. காலேஜ் குழாய் ஒழுகினா ரசிக்கிறா. நான் என்னங்க பாவம் பண்ணேன்?" அம்மையார் பக்கத்திலிருந்தே பதில் சொன்னார்: "நம்ம வீட்டுச் சுவத்துல ஒரு பாசி கூட வரலியே. நீங்கதான் பினாயில் போட்டுத் தேய்ச்சுடறீங்களே."

பிறகு இப்போதைய முதல்வர் வந்தார். தூய்மை விரும்பி, மேசைமேல் பேனாக்களைக்கூட உயர வரிசைப்படி அடுக்குபவர். கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக் குழு வருவதாய் அறிவிப்பு வந்த சமயம், அம்மையார் மகளின் பிரசவத்துக்காக விடுப்பில் போயிருந்தார். அந்த இடைவெளியில் முதல்வர் குழாயை மாற்றினார். வறண்ட சுவர் கண்ணுக்கு அழகாக இல்லை என்று, அதன்மேல் பளபளக்கும் பிளாஸ்டிக் புல்விரிப்பை ஆணியடித்து விரித்தார். மேலே ஒரு பலகை: 'எங்கள் பசுமைச் சுவர்'. உயிருள்ள பச்சையைக் கொன்று, அதன்மேல் சாயப் பச்சையைப் போர்த்தி, அதைத் தாவரவியல் துறையின் சாதனைப் பட்டியலிலும் சேர்த்தார்!

குழு வந்த அன்று காலையில்தான் அம்மையார் பணிக்குத் திரும்பினார். சந்துக்குள் முதல்வர், குழுத் தலைவர், இரு உறுப்பினர், பின்னால் நாங்கள், எங்களுக்கும் பின்னால் எதற்கும் இருக்கட்டுமென்று குழாய்க்காரர்.

"இதுதான் சார் எங்க பசுமைச் சுவர்," என்றார் முதல்வர்.

"சார், கொஞ்சம் கிட்ட வந்து மோந்து பாருங்க," என்றார் அம்மையார், குழுத் தலைவரிடம்.

அவரும் பாவம், மூக்கை நீட்டினார். "புது பக்கெட் வாசனை வருதே."

அவ்வளவுதான். அம்மையார் விரிப்பின் ஒரு மூலையைப் பிடித்தார், இழுத்தார், ஆணிகள் ஒவ்வொன்றாய்த் தெறித்தன. உள்ளே சுவர் கருகிய ரொட்டிபோல் பழுப்பாக, தொட்டால் நொறுங்கும் பதத்தில் இருந்தது.

"பார்த்தீங்களா சார்? செத்த பாசி. இதை மூடாம வேற என்ன செய்யறது?" என்று முதல்வர் முந்திக்கொண்டார்.

"செத்துப்போச்சா? ஒரு வாளி தண்ணி கொண்டு வாங்க."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். குழாய்க்காரர் போய்க் கொண்டுவந்தார். அம்மையார் கையால் அள்ளி அள்ளித் தெளித்தார், தூங்குபவர் முகத்தில் தெளிப்பதுபோல.

"அடுத்த துறைக்குப் போகணுமேம்மா," என்றார் குழுத் தலைவர்.

"போகலாம் சார். இதுங்க வம்சம் நாப்பது கோடி வருஷத்துக்கு மேல காத்திருந்து வந்திருக்கு. நீங்க ஒரு டீ ஆறுற நேரம் நிக்க மாட்டீங்களா?"

நின்றார்கள். சுருண்டிருந்த பொடி இலைகள் ஒவ்வொன்றாய்ப் பிரிந்தன. பழுப்பின் நடுவே ஒரு பச்சை, பக்கத்தில் இன்னொன்று, பிறகு திட்டு முழுதும். குழுத் தலைவர் தாமே கேட்டு வாங்கிய பூதக்கண்ணாடியோடு அரைச் சட்டை நனையச் சுவரில் சாய்ந்துகொண்டு, "அடேயப்பா, உயிரோடதான் இருக்கு!" என்றார்.

நம் முதல்வர் லேசுப்பட்டவரா? "அப்புறம் என்ன மேடம்? தண்ணி இல்லாமலே தாக்குப் பிடிக்குதே. ஒழுகலை அடைச்சது சரின்னு நீங்களே காட்டிட்டீங்க!"

நியாயமான கேள்வி என்றுகூட எங்களில் சிலருக்குத் தோன்றியது.

"பிழைச்சுக் கிடக்கும் சார். பிள்ளை பெறாது," என்றார் அம்மையார். "ஆண் இங்க, பெண் அங்க. நடுவுல விரற்கடை தூரம். தண்ணி இருந்தா அது வாசல், இல்லாட்டி பாலைவனம். நீங்க அடைச்சது ஒழுகலை இல்ல, இதுங்க வழியை. இருக்கறது வேற, தழைக்கிறது வேற. என் பிள்ளைங்களுக்கு நான் தழைக்கிறதைக் காட்டணும். அதுக்குத்தான் சம்பளம் வாங்கறேன்."

கல்லூரிச் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அம்மையார் கிழிந்த விரிப்பை அளவாக வெட்டித் துறை வாசலில் கால்மிதியாகப் போட்டார்; விளக்கம் அதுவே. அதன்பின் ஒரு காலை, புதுக் குழாயின் முழங்கை தானாகவே ஒழுகத் தொடங்கியிருந்தது. யார் கைவண்ணம் என்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாதது இந்த வளாகத்தில் எது? ஆனாலும் வாழ்நாளில் முதன்முறையாக நாங்கள் வாயைத் திறக்கவில்லை. பாசித் திட்டுகள் தலைக்கொன்றாய் மெல்லிய காம்பு நீட்டி, கருக்கூடியதன் அடையாளமாய் ஸ்போர் என்னும் நுண்தூள் நிறைந்த சிமிழ்களை ஏந்தி நின்றபோது, அதை எல்லோரிடமும் சொன்னோம்.

அம்மையீர்! இனித் தங்களை நோக்கியே பேசுகிறோம்.

அந்தச் சுவரில் பதிப்பதற்கென்று மாடிப்படிக்கு அடியில் வெள்ளை டைல்ஸ் பெட்டிகள் வந்து இறங்கியிருப்பதைத் தாங்கள் பார்த்தீர்கள். தாங்கள் விடைபெறும் நாளுக்கு மறுநாள், அதாவது நாளைக் காலை, கொத்தனாரை வரச்சொல்லியிருப்பதும் தங்கள் காதுக்கு எட்டியது. நேற்று மாலை தாங்கள் சந்தில் தனியே நின்று, கைபேசியில் கணவரிடம், "நாளைக்கு அப்புறம் அங்க நின்னு மறிக்க எனக்கு உரிமை இல்லைங்க" என்று சொன்னதைச் சாமான் அறைக்குள் சாமான் எடுக்கப் போன நாங்கள் கேட்டோம். நான்கு பேர் சேர்ந்துதான் ஒரு பெட்டி பஞ்சு எடுக்கப் போயிருந்தோம். அம்மையீர், முதல்வர்களின் அறைக்கதவைத் தட்டாமல் திறந்த குரல் அது. அது உடைந்து நாங்கள் கேட்டது நேற்றுதான்.

உரிமை தங்களுக்கு முடியலாம், எங்களுக்கு முடியவில்லை. நாளை முதலாண்டு வகுப்பின் முதல் மணி சந்தில் நடக்கும். பாடம், நிலத் தாவரங்களின் இனப்பெருக்கம். இரண்டாம் மணியும் அங்கேயே, மூன்றாம் மணியும் அங்கேயே. பெஞ்சுகள் போய்ச் சேர்ந்துவிட்டன. ஒருவர்கூட வயிற்றை எக்கி நுழைய இடமில்லை. கொத்தனாருக்கும் ஒரு பெஞ்சு உண்டு, விரும்பினால் அமர்ந்து கேட்கலாம். இயற்பியல் துறையினர் பாசிமேல் பாசமில்லாதவர்களாயினும், சண்டை என்றதும் தாமாகவே நாற்காலி தூக்கி வருகிறார்கள். மாண்புமிகு முதல்வர் அவர்கள் இவ்விடத்தில் இருப்பதை அறிந்தே இதை உரக்க வாசிக்கிறோம். ஒப்புதலுக்கென்று அவர்களிடம் காட்டியது வேறொரு மடல். அதில் தாங்கள் பொறுமையின் சிகரமாகவே இருந்தீர்கள்.

முழங்கால் நோகாமல், கண் மங்காமல், பூதக்கண்ணாடி தொலையாமல், பேரப்பிள்ளையோடு மல்லுக்கட்டும் தெம்போடு, கணவரின் பினாயிலை ஒளித்துவைக்கும் துணிவோடு நெடுங்காலம் வாழ்க! ஒரே ஒரு வேண்டுகோள்: நாளைக் காலை மட்டும் இந்தப் பக்கம் வராதீர்கள். காலை நீட்டி, காப்பியை ஆறவிடாமல் குடித்து, மணி பார்க்காமல் இருங்கள். அங்கே நிற்க ஆள் இருக்கிறது.

இவண்,
நாளைக் காலை சுவரடியில் இருப்போர்,
தாவரவியல் துறை ஆசிரியர்களும் ஊழியர்களும்