பேனரில் பாய்கிறவர்

மாலை வெயில் மங்கிய பிறகும் மலர்ந்த முகத்தோடு வீற்றிருக்கும் மன்றத்தின் தலைவர், பட்டுநூலையும் பந்தையும் ஒரே பாசத்தோடு பார்க்கும் பெரியவர் கலியாணசுந்தரம் அவர்களே! தறியை விட்டு எழுந்து நேராக இங்கே வந்திருக்கும் பிள்ளையார்பாளையத்துப் பெருமக்களே! பிள்ளைக்குப் பந்தும் வாங்கிக்கொடுத்து, உடைந்த ஜன்னலுக்காகப் பக்கத்து வீட்டில் பேச்சும் வாங்கிக்கொள்ளும் தாய்மார்களே! முதல் வரிசையில் முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டிருக்கும் கமலாட்சி அம்மா அவர்களே! செவிலிமேட்டின் இந்தப் புது மைதானத்தில் புரண்டு எழுந்து, சட்டையெல்லாம் பச்சையாய் உட்கார்ந்திருக்கும் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் அரக்கோணத்து மணிவண்ணனின் அன்பு வணக்கம்.

மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்கிறேன். கோல்கீப்பராக இருந்தவன். பக்கத்தில் நிற்பவரிடம் பேசினாலே பாலாற்றுக்கு அக்கரையில் கேட்கும்.

இன்று இங்கே என்ன நடக்க வேண்டும்? இந்த மைதானத்தின் பயிற்சியாளராக உங்கள் ஊர்ப்பிள்ளை, கமலாட்சி அம்மாவின் மகன் முத்துக்குமாரை அறிவிக்க வேண்டும். மாலை தயார், சால்வை தயார், மனங்களும் தயார். ஆனால் மேடையில் ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருக்கிறதே, ஏன்?

வாசலில் ஒரு பேனர் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். கோல் கம்பத்தின் ஓரத்தில் ஒருவர் அந்தரத்தில் பறந்து பந்தைத் தட்டுகிறார். கீழே, 'எங்கள் ஊர்ச் சிங்கம் முத்துக்குமார்' என்று எழுதியிருக்கிறது. பேனர் கடைக்காரர் நம்ம குரு, பாசத்தோடு, நானும் முத்துக்குமாரும் இருந்த பழைய கிளப்பின் பெயரை இணையத்தில் தேடி, நல்லதாக ஒரு படத்தை எடுத்து, ஆளுயரத்துக்கு அடித்துவிட்டார். ஐயா, அந்தப் படத்தில் பறப்பது முத்துக்குமார் இல்லை. நான்.

சிரிக்கலாம், தப்பில்லை. குரு பாவம், என்ன செய்வார்? படத்தில் முகத்தைக் கை மறைக்கிறது. இடுப்பை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், அந்த இடுப்பு இப்போது என்னிடம் இல்லை.

ஆனால் அதைப் பார்த்த முத்துக்குமாருக்குச் சிரிப்பு வரவில்லை. மேடை ஏற மாட்டேன் என்று தலைவரிடம் சொல்லிவிட்டு, அதோ, தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நிற்கிறார். எல்லோரும் ஒரேயடியாகத் திரும்பாதீர்கள், ஓடிவிடுவார். இதற்கிடையில் பெற்றோர் சிலர் பேசிக்கொண்டதும் என் காதில் விழுந்தது. "ஒரு மேட்ச்சு கூட ஆடாதவரு பசங்களுக்கு இன்னாத்த கத்துக்குடுப்பாரு?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் சால்வை போர்த்தினால் அது அவருக்குப் பாரமாகத்தான் இருக்கும். அதனால்தான் தலைவரிடம் கேட்டு மைக்கை வாங்கினேன்.

உண்மைதான். கோவாவில் ஒரே கிளப்பில் இருந்தோம். நான் முதல் கோல்கீப்பர், அவர் இரண்டாவது. ஆண்டாண்டாக நான் ஆடினேன். ஆண்டாண்டாக அவர் அமர்ந்திருந்தார். போட்டியில் ஒரு நிமிடம்கூட அவர் கம்பங்களுக்கு நடுவே நின்றதில்லை.

இரண்டாவது கோல்கீப்பரின் வாழ்க்கை என்ன வாழ்க்கை? எல்லோரையும் போல ஓட வேண்டும், விழ வேண்டும், எழ வேண்டும். சீருடை அணிய வேண்டும், கிளவுஸ் மாட்ட வேண்டும். மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். எனக்கு அடிபட்டால்தான் அவருக்கு ஆட்டம். அப்படிப்பட்டவர் என்ன செய்தார் தெரியுமா? ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்து, எனக்கு அடிபடக் கூடாதென்று ஏகாம்பரநாதர் கோவிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்யச் சொல்லியிருக்கிறார். இன்று மதியச் சாப்பாட்டின்போது கமலாட்சி அம்மா என் ராசியையும் நட்சத்திரத்தையும் தாமாகவே சொன்னார்கள்.

பேருந்தில் போகும்போது அவர் ஜன்னலோரம் கண்மூடி உட்கார்ந்திருப்பார். வெளியே மழை, மழைக்குள் தென்னை, தென்னைக்குள் மாலை. மடியில் கிடக்கும் விரல்கள் மட்டும் மெல்ல மெல்ல அசையும். தூங்குகிறாயா என்று ஒருமுறை கேட்டேன். "இல்ல மணி, மேட்ச் ஆடிக்கினு இருக்கறேன்" என்றார். எத்தனை கோல் விட்டாய் என்று கிண்டலாகக் கேட்டேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "இன்னும் ஒண்ணுகூட விடலப்பா."

அந்த மூடிய இமைகளுக்குள் எத்தனை மைதானங்கள்! எத்தனை மழைகள்! எத்தனை மாலைகள்! அங்கே அரங்கம் நிறைந்திருக்கும். அங்கே இந்த அம்மா முதல் வரிசையில் அமர்ந்திருப்பார்கள். அங்கே பந்து நிலாவைப் போல மிதந்து வந்து அவர் நெஞ்சில் அடங்கியிருக்கும்.

இறுதிப் போட்டி வந்தது. சமநிலை. பெனால்டி. கடைசி உதையைத் தடுத்தால் கோப்பை எங்களுக்கு. நான் கிளவுஸைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். முத்துக்குமார் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். எந்தப் பக்கம் அடிப்பான் என்று கேட்டேன். அவர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "இத நான் புடிச்சிட்டேன் மணி. பஸ்ஸுலயே புடிச்சிட்டேன். நீ போயி வாங்கிக்கினு வா, அவ்ளோதான்."

அவ்வளவுதான். கிளவுஸை இறுக்கிக்கொண்டு கம்பத்துக்குப் போனேன். கூட்டத்தின் கூச்சல் எங்கோ தூரத்தில் கரைந்தது. பந்து மெதுவாக, மிக மெதுவாக வந்தது. ஏற்கெனவே ஒருவர் பிடித்து வைத்த பந்தை வாங்கத்தான் பாய்ந்தேன். வாசலில் நிற்கும் படம் அந்தப் பாய்ச்சல்தான்.

என்ன தம்பி? பேனரைக் கழற்றச் சொல்கிறீர்களா? வேண்டாம், இருக்கட்டும். குருவே அறியாமல் குரு சரியாகத்தான் போட்டிருக்கிறார். உடம்பு என்னுடையது, பாய்ச்சல் அவருடையது. நெய்கிறவர்கள் நீங்கள், உங்களுக்குத் தெரியாததா? கடையில் விரித்துப் பார்ப்பவர் முந்தியைத்தான் பார்ப்பார். அடியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் இல்லாமல் அந்த முந்தி எங்கிருந்து வரும்?

இவர் என்ன கற்றுத்தருவார் என்று கேட்ட பெற்றோர்களே! ஆட்டத்தில் ஓர் அணிக்குக் கம்பங்களுக்கு நடுவே நிற்பவர் ஒருவர்தான். இங்கே உட்கார்ந்திருக்கும் மற்ற பிள்ளைகளுக்கு, காத்திருக்கும் காலத்தில் கசந்துபோகாமல் இருக்க யார் கற்றுத்தருவார்? கூப்பிடாத நாளிலும் கனவு காணக் கற்றுத்தருவது யார்? எனக்குத் தெரியாது. நான் காத்திருந்ததே இல்லை.

தலைவர் அவர்களே, உதவிப் பயிற்சியாளரை இன்னும் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னீர்கள். அந்த இடத்தை எனக்குத் தர வேண்டும். ஆமாம், எனக்குத்தான். அவர் முதல், நான் இரண்டாவது. அரக்கோணத்திலிருந்து ரயில் இருக்கிறது, வந்துவிடுவேன்.

முத்துக்குமார், தலையை நிமிர்த்துப்பா. நீ உட்கார்ந்திருந்த பெஞ்சில் இனி நான் உட்காருகிறேன். இந்த நாற்காலியை நான் பிடித்து வைத்திருக்கிறேன். நீ வந்து வாங்கிக்கோ, அவ்ளோதான்.

இவ்வளவு நேரம் செவி கொடுத்த உங்களுக்கும், நடந்து வருகிறவருக்கு வழிவிட்டு இப்போது எழுந்து நிற்கும் உங்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்.