கடைசி இருபத்தெட்டு விநாடி

லோர்னா: மொதல்ல அந்த மாஸ்க்கை எடுத்து மாட்டிக்க. பேச்செல்லாம் அப்புறம்.

ரெஜான்: நானா? நம்ம ஆபீஸ் ரூல்படி, ஓடற ப்ரோக்ராமை யாரு கெடுக்கறாங்களோ அவங்கதான் சாயங்காலம் வரைக்கும் அந்த ஹாக்கி மாஸ்க்கைப் போட்டுக்கணும். நான் எதையும் கெடுக்கல.

லோர்னா: ஆமாமா. ரயில் எஞ்சின்ல வைக்கறதுக்குன்னு நாம செஞ்ச பதிவுப் பெட்டி. வாங்க வந்த அந்தம்மா தன் கையாலயே பவர் கேபிளைப் பிடுங்கினாங்க. திரும்பப் போட்டா கடைசி இருபத்தெட்டு விநாடி காணோம். என்ன வேகம், பிரேக் எப்பப் பிடிச்சாங்க... ஒண்ணும் இல்ல. சாண்ட்விச்சைக்கூடத் தொடாம எழுந்து போயிட்டாங்க. ஆனா நீ எதையும் கெடுக்கல.

ரெஜான்: சாண்ட்விச் நல்லா இல்ல, அதான்.

லோர்னா: ரெண்டு மணிக்கு நம்ம மேனேஜர் கிராண்ட் கூப்பிட்டிருக்காரு. யாரோ ஒருத்தர் தலை உருளப் போகுது. எந்தத் தலைன்னு எனக்கு லேசா ஒரு யூகம்... ஏன் நொண்டற?

ரெஜான்: வீட்டு வாசப்படில வழுக்கிடுச்சு. ஒட்டாவால பிப்ரவரில வாசப்படி ஐஸ் படிஞ்சு அப்படித்தான் இருக்கும்.

லோர்னா: பாவம். சரி, டிஸ்க் டிரைவரை ஸ்டார்ட் பண்ற வரியைக் காட்டு.

ரெஜான்: இதோ. டிஸ்க்குக்குப் போறதைத் தேக்கி வைக்கற கேச்சைச் சின்னதாக்கிட்டேன். எதையும் மெமரில தேக்கி வைக்காத, வந்ததை உடனே டிஸ்க்ல எழுதுன்னும் போட்டிருக்கேன். போன மாசம் நீ சொன்னபடியே. அட்சரம் பிசகாம.

லோர்னா: அழகா இருக்கு. ஃப்ரேம் போட்டு மாட்டலாம். இந்த ஃபைல் எங்க இருக்கு?

ரெஜான்: டிஸ்க்லதான்.

லோர்னா: டிஸ்க்ல.

ரெஜான்: பின்ன எங்க இருக்கணும்?

லோர்னா: இது மைக்ரோகெர்னல், மகராசா. சிஸ்டத்துக்கே மையமான கெர்னலுக்கு டிஸ்க்னா என்னன்னே தெரியாது. டிரைவர்னு தனியா ஒரு ப்ரோக்ராம் வந்து தெறந்து விட்டாத்தான் டிஸ்க்கே கண்ணுக்குத் தெரியும். அந்த டிரைவருக்குச் சீட்டு எழுதி... எங்க வெச்ச?

ரெஜான்: ...டிஸ்க்குக்குள்ள.

லோர்னா: சாவியை வீட்டுக்குள்ளயே வெச்சுப் பூட்டிட்டு, தெருவுல நின்னு பெருமையாச் சிரிச்சிருக்க. டிரைவர் படிச்சது, பெட்டி முழிக்கறப்ப மொதல்ல ஏத்தற பூட் இமேஜ்ல இருக்கற பழைய வரியை. அதுல கேச் எவ்ளோ பெருசு தெரியுமா?

ரெஜான்: அந்தப் பழைய வரியை எழுதினது யாரு?

லோர்னா: நான்தான். டெமோ வேகமா ஓடணும்னு கிராண்ட் கேட்டாரு, எழுதினேன். அதை மாத்தற வேலை உன்னோடது.

ரெஜான்: அந்தக் கேச் 'எழுதியாச்சு, எழுதியாச்சு'ன்னு சொல்லிட்டு ஒண்ணையும் எழுதாம வெச்சிருக்கும்னு...

லோர்னா: ஏன், கிராண்டைப் பாத்ததில்லையா? எல்லாத்துக்கும் 'ஆச்சு'ம்பாரு. எல்லாம் டிராயர்ல கிடக்கும்.

ரெஜான்: சரி, தப்புதான். ஃபைலை இடம் மாத்தி வெச்சிட்டேன்னு போய்ச் சொல்லிடறேன். அதுக்குத் தலையா போயிடும்?

லோர்னா: இரு, இரு. உன் வரியை யாருமே படிக்கல இல்லையா?

ரெஜான்: இல்ல.

லோர்னா: அப்ப எத்தனை தடவை பிடுங்கினாலும் கடைசி அரை நிமிஷம் போயிருக்கணும்.

ரெஜான்: போயிருக்கணும்தான்.

லோர்னா: போன வியாழக்கிழமை நாப்பது தடவை பவரைப் பிடுங்கி டெஸ்ட் பண்ணேன்னு தாள் கொடுத்திருக்க. நாப்பதும் பாஸ். நாப்பது டிக். எப்படி?

ரெஜான்: அதிர்ஷ்டம்...

லோர்னா: ரெஜான்.

ரெஜான்: கேபிளைப் பிடுங்கினா ஒவ்வொரு தடவையும் பெட்டி டிஸ்க்கை முழுசாச் சரிபாக்கும். கால் மணி நேரம். நாப்பதுன்னா பத்து மணி நேரம், தாயே. அதனால... பிடுங்கல. ஒழுங்கா ஷட் டவுன் பண்ணேன். அதையும் நான் பண்ணல. ஸ்கிரிப்ட் எழுதி விட்டேன், அதுவே பண்ணுச்சு.

லோர்னா: ஷட் டவுன் பண்ணா கேச்ல இருக்கறதெல்லாம் சாவகாசமா டிஸ்க்ல எறங்கிடும். அதாவது, 'அஞ்சு நிமிஷத்துல மோதப் போறேன்'னு முன்கூட்டிச் சொல்லிட்டு மோதற ரயிலுக்கு நம்ம பெட்டி ரொம்பப் பொருத்தம். பேஷ். பிரேக் பிடிச்சேன்னு ரயில் ஓட்டினவர் சொல்வாரு. பெட்டி இல்லேங்கும். யாரை நம்புவாங்க?

ரெஜான்: ...பெட்டியைத்தான்.

லோர்னா: ஸ்கிரிப்ட் ஓடறப்ப ஐயா எங்க இருந்தீங்க?

ரெஜான்: ஒறைஞ்சு கிடக்கற கால்வாய்ல, ஸ்கேட்டிங் பண்ண. இந்த வருஷம் மொத்தமே அஞ்சு நாள்தான் ஐஸ் தாங்கும்னு தெறந்து விட்டாங்க. நல்ல வெயிலு, ஆபீஸ்லேந்து நாலு எட்டு... போனேன். ஸ்கேட்டைக் கட்டின பத்தாவது நிமிஷம் விழுந்தேன். முட்டி பேர்ந்துடுச்சு.

லோர்னா: வாசப்படின்ன.

ரெஜான்: பின்னாடி யாரோ ஒருத்தி விழுந்து விழுந்து சிரிச்சா. அவமானத்துல திரும்பிக்கூடப் பாக்கல. போதுமா?

லோர்னா: போதாது. இதை அப்படியே கிராண்ட்கிட்டச் சொல்லணும். நீயே. மாஸ்க்கோட.

ரெஜான்: சொல்றேன். எனக்கே ஒரு வாரமா மனசு சரியில்ல. ஆனா அந்தத் தாளை இன்னொரு தடவை பாரேன்.

லோர்னா: எதுக்கு?

ரெஜான்: ஒவ்வொரு டிக்குக்கும் பக்கத்துல 'கூட இருந்து பாத்தேன்'னு ஒரு கையெழுத்து. நாப்பது கையெழுத்து. கீழ கோடெல்லாம் இழுத்து, ஜம்முனு...

லோர்னா: சரி, தாளை மடிச்சு வை.

ரெஜான்: நான் இல்லாத இடத்துல, நான் பிடுங்காத கேபிளை, நீ நாப்பது தடவை கூட இருந்து பாத்திருக்க.

லோர்னா: அந்த மாஸ்க்கை இப்படிக் கொடு.

ரெஜான்: எங்க இருந்த லோர்னா?

லோர்னா: கொடுன்னா. நான் மாட்டிக்கறேன். வா, ரெண்டு பேருமா போய்ச் சொல்லிடலாம்.

ரெஜான்: மொதல்ல எங்க இருந்தன்னு சொல்லு.

லோர்னா: ...நீ விழுந்தப்ப பின்னாடி சிரிச்சது யாருன்னு நெனச்ச?