மூணாவது லைனர்

...கேஸ்கட்தான் போயிருக்குன்னு நான் சொன்னது தப்பாவே இருக்கட்டும்க்கா. எஞ்சின் ஆயில் பால் ஊத்தின காபி மாதிரி வெளுத்துப் போயிருந்தா யாரா இருந்தாலும் முதல்ல அதைத்தான் சொல்லுவாங்க. ரேடியேட்டர்ல தினம் ரெண்டு லிட்டர் குறையுது, வண்டிக்குக் கீழ ஒரு சொட்டு ஒழுகல. அப்ப உள்ளதானே போகுது? ஊருக்கெல்லாம் தண்ணி சுமக்கிற உங்க லாரி, தன் பங்கைக் குடிச்சிருக்கு... சிரிக்க மாட்டீங்களே. சரி.

எஞ்சினோட மேல்மூடி, ஹெட்டைக் கழட்டினா அடியில கேஸ்கட் தகடு புதுசாட்டம் இருக்கு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் தண்ணியும் ஆயிலும் ஒட்டி ஓடுற இன்னொரு இடம், ஆயில் கூலரைக் கழட்டி, காத்தடிச்சு, வாளித் தண்ணில முக்கிப் பாத்தேன். ஒரு குமிழ் வரல. என் மச்சான் வேற பக்கத்துல நின்னுக்கிட்டு, எஞ்சின் பிளாக்கே விரிசல் விட்டிருக்கும்ங்கறான். அவன் தையல் மிஷின் ரிப்பேர் பண்றவன்க்கா. அவனுக்குப் பொண்ணு பாக்கப் போன கதை இருக்கே... வேணாமா. சரி, வரேன். தண்ணி வராம ஆஸ்பத்திரியில ரெண்டு ஆபரேஷனைத் தள்ளி வச்சிருக்காங்கன்னு மூணு தடவை சொல்லிட்டீங்க. எனக்கும் மனசு இருக்குக்கா.

ஹெட்டை மறுபடி மாட்டி, அடியில ஆயில் தொட்டியைக் கழட்டி, ரேடியேட்டர்ல தண்ணி ரொப்பி, காத்தழுத்தம் கொடுத்துட்டு அடியில மல்லாந்து படுத்தேன். அரை மணி நேரம். மூணாவது லைனர் ஓரத்துலேர்ந்து ஒரு சொட்டு, நேரா நெத்தியில விழுந்துச்சு. சந்தோஷம்னா அப்படி ஒரு சந்தோஷம்.

லைனர்னா பிஸ்டன் ஏறி இறங்குற குழாய். அதைச் சுத்தித் தண்ணி, அடியில ஆயில். நடுவுல ரெண்டும் கலக்காமப் பாத்துக்கறது ஒரு ரப்பர் வளையம். வளையத்துல சோப்புத் தண்ணி தடவித்தான் லைனரை இறக்கணும். உருவிப் பாத்தா, மாட்டின ஆளு வறட்டுன்னு இறக்கியிருக்கான், வளையம் பாதி அறுந்து கிடக்கு. வேலையில புத்தியே இல்லாத பய...

யாரு மாட்டினதுன்னா கேக்கறீங்க?

அது... போன தடவை எஞ்சினை முழுசாப் பிரிச்சது எங்கன்னு உங்களுக்கே தெரியும். இங்கதான். இந்தக் கைதான். முதல் ரெண்டுக்கும் நல்லாத் தடவினேன்க்கா. மூணாவதுக்கு வரும்போது யாருகிட்டயோ பேசிக்கிட்டு இருந்தேன்... அப்படியே அழுத்திட்டேன். காலையில வளையத்தைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. எப்படிச் சொல்றதுன்னுதான் இவ்வளவு நேரம்...

புது வளையம் வாங்கியாச்சு. சாயந்திரத்துக்குள்ள... என்னக்கா, சோப்புக் கிண்ணத்தை எங்க எடுத்துட்டுப் போறீங்க?

நீங்களே தடவறீங்களா.

ம்... தடவுங்க. நான் பேசல.