சந்தியாகு விக்கிற மூனாவது ப்ரீஆம்ப்

மூனுண்ணே, மூனு! மூனு ப்ரீஆம்ப் வாங்கி மூனும் மண்ணு! வாங்க, வாங்க, உள்ள வாங்க. ரவிச்சந்திரன்தானே, பேஸ்புக்ல மெசேஜ் போட்டது? நான்தான் சந்தியாகு. சுவாலேர்ந்து பெடாஸ் வரைக்கும் இந்த வெயில்ல மோட்டர் சைக்கிள்லயா வந்தீங்க? உக்காருங்க. ஐயோ, பாத்து... அந்த பிளாஸ்டிக்க உரிச்சிறாதீங்க. சோபா புதுசு. ஆறு வருசந்தான் ஆவுது.

ஆங், எங்க உட்டேன்? ப்ரீஆம்ப். உறுமி மேளக்காரரு, ஒங்களுக்குத் தெரியாததா? மைக்ல வர்ற சின்ன சத்தத்தத் தூக்கி கம்ப்யூட்டருக்கு அனுப்பணும். அவ்ளோதான் அதுக்கு வேல. ஒரே வேலண்ணே! அதக்கூட ஒழுங்கா செய்யத் துப்பில்ல.

மொதல்ல வாங்குனது ரொம்ப மலிவு. யூடியூப்ல ஒருத்தன், "கொறஞ்ச வெலயில இதாண்டா ராஜா"ன்னான். நம்பி வாங்குனேன். சத்தம் பத்தலயேன்னு திருகுனா, உஸ்ஸ்ஸ்... மண்ணெண்ண அடுப்பு மாதிரி! பகாவ்ல ஒரு சபைக்காரர் தலையில கட்டிட்டேன். அவரு போன் போட்டு, "பிரமாதம் பிரதர்"ங்கறாரு. பாவம், காது கேக்காது போல.

ரெண்டாவதுல உள்ள குட்டி பல்பு எரியும். கொரலு கதகதன்னு வரும்னு சொன்னானுங்க. எங்க வந்துச்சு? போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு பாடுற மாதிரி வந்துச்சு! அதயும் ஒரு வாத்தியாரு வாங்கிட்டுப் போயி, அஞ்சு ஸ்டார் போட்டிருக்காரு. மனுசன் எதத்தான் கேக்கறாரோ!

மூனாவது இந்தா, ஒங்களுதாகப் போறது. சுத்தமா தூக்கும், எரைச்சலே வராதுன்னான். இதுலயும் அதே போர்வதான்!

எதுக்கு இத்தன பொட்டி வாங்குனேன்னு கேளுங்க. நீங்க கேக்க மாட்டீங்க, நானே சொல்றேன். அடுத்த சனிக்கெழம எங்க எஸ்டேட்டு அந்தோணியார் சப்பரம். இருவது வருசமா பின்னாடி லோரில ஒக்காந்து பாடறது யாரு? எம் பொஞ்சாதி பெட்ரிசியா! இந்த வருசம் முட்டி வலி, லோரில ஏற முடியல. "கவலப்படாத, வீட்டுலயே ரெக்கார்ட் பண்ணித் தர்றேன், லோரில போட்டுக்கலாம்"னு நாந்தான் பெரிய இவனாட்டம் வாயக் குடுத்தேன். நாளைக்கு கோயில் உபதேசியார் கையில பாட்டு இருக்கணும்.

பாடுனா. போர்வ. மறுபடி பாடுனா. போர்வ. பொட்டிய மாத்துனேன், மாத்துனேன்... கடைசில சலிச்சுப் போயி, "மூனு பொட்டி மாத்தியாச்சு, இதுக்கு மேல ஒந்தொண்டதான் போயிருச்சு"ன்னு சொல்லிட்டேன்.

அவ சண்ட போட்டிருந்தாக்கூட பரவால்லண்ணே. பாட்டு நோட்ட எடுத்துட்டுப் போயி, பக்கத்து வீட்டு எலெய்ன்கிட்ட, "லோரில நீயே பாடிரு"ன்னு குடுத்துட்டு வந்துட்டா. மூனு நாளாச்சு. கொழம்பு வைக்கறப்போ எப்பவும் எதாச்சும் முணுமுணுப்பா, அதுவும் நின்னு போச்சு. வீடு வீடாவே இல்லலா.

சரி, அத உடுங்க. டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க. என்ன, மைக்கயே பாக்கறீங்க? அது விக்கறதுக்கு இல்ல. அருமையான மைக்கு அது.

மேல சுத்தியிருக்கறதா? பிளாஸ்டிக்கு. டிவி ரிமோட்டுக்குப் போடல? சோபாவுக்குப் போடல? அது மாதிரிதான். அங்கிட்டு செம்பனை எண்ண மில்லு, காத்தடிச்சா வீடு பூரா கரி. அதான் வாங்குன அன்னைக்கே நல்ல கெட்டி பிளாஸ்டிக்கா பாத்து, மூனு சுத்து சுத்தி, ரப்பர் பேண்டு...

ஏன் சிரிக்கிறீங்க?

ஆமா, பாடுறப்பயும் அப்படியேதான். கழட்டுனா அழுக்குப் படாதா?

...

இருங்க. கழட்டறேன், இருங்க. இந்த ரப்பர் பேண்டு வேற... ஹலோ. ஹலோ... ஒன்னு, ரெண்டு, மூனு...

அடக் கடவுளே!

எவ்ளோ தெளிவா இருக்கு! எங்கொரலே இப்படின்னா அவ கொரலு... ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்! பெட்ரிசியா! ஏ பெட்ரிசியா, செத்த வாயேன்! ஒந்தொண்டயில ஒன்னுமில்ல, எம்புத்திதான் மண்ணு!

அண்ணே, அத கீழ வைங்க. ப்ரீஆம்ப் விக்கல. மன்னிச்சிருங்க, சுவாலேர்ந்து வந்தீங்க, நெசந்தான்... ஆனா விக்கல. ஏன் ஹெல்மட்ட எடுக்கறீங்க? கோவமா?

கதவு சத்தம். வர்றா. கையில கரண்டியோட வர்றா.

போவாதீங்கண்ணே, ஒக்காருங்க. பிளாஸ்டிக்க வேணும்னாலும் உரிச்சிக்கிட்டு ஒக்காருங்க. தனியா மன்னிப்புக் கேக்க எனக்கு பயமா இருக்கு.