சுவருக்கு இந்தப் பக்கம் இருபத்தஞ்சு

அனுசியா: ...அந்தா, அந்தக் கருஞ்சேவலைப் பிடிச்சு நெஞ்சைத் தடவிப் பாருங்க மேடம். மூணு வாரத்துக்கு முந்தி எலும்பு கத்தி மாதிரி குத்துச்சு. இப்ப?

சுமையா: சதை நல்லா பிடிச்சிருக்கு அனுசியா. கொண்டையும் நல்ல சிவப்பு.

அனுசியா: எம்புட்டுச் சிவப்பு! போன ஐப்பசியில பதினோரு கோழியை இந்தக் கையாலதான் பொதைச்சேன். தின்னுக்கிட்டேதான் இருந்துச்சு, அப்படியே இளைச்சு எறகு மாதிரி ஆயி விழுந்துச்சு. வயித்துல பூச்சின்னு நீங்க சொல்லித்தானே தெரியும். இந்தத் தடவை ஒண்ணுகூடப் போகல.

அங்காளம்மாள்: டாக்டரம்மா... சுவத்துக்கு இந்தப் பக்கமும் கோழி இருக்கு. இதையும் தடவிப் பாருங்க.

அனுசியா: வந்துட்டாவ.

சுமையா: இவங்க யாரு?

அனுசியா: எங்க வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம். அங்காளம்மாள். பேச்சுவார்த்தை இல்ல. ரெண்டு வருசம் ஆச்சு.

அங்காளம்மாள்: ஏன் இல்லன்னும் சொல்லச் சொல்லுங்க டாக்டரம்மா. அரைகுறையா சொல்லப்படாது.

அனுசியா: சொல்லுதேன்! பட்டாளத்துல இருக்க மகன் லீவுல வந்தான்னு, எங்க சேவலைப் பிடிச்சுக் கொழம்பு வச்சிட்டாவ.

அங்காளம்மாள்: அது எங்க சேவல்.

அனுசியா: கால்ல பச்சை நூல் கட்டியிருந்தது யாருன்னு கேளுங்க மேடம்.

அங்காளம்மாள்: எங்கிட்டயும் நூல்கண்டு இருக்குன்னு சொல்லுங்க.

சுமையா: அம்மா, செத்த நேரம் இருங்க. நான் கோழி பாக்க வந்திருக்கேன். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தபால் குடுக்க வரல.

அனுசியா: ...சொல்லுங்க மேடம். எச்சம் பாத்தது என்னாச்சு?

சுமையா: அதைச் சொல்லத்தான் வந்தேன். உங்க தெருவுல பதினாலு வீட்டு எச்சம் எங்க ஆளுங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எடுத்துட்டு வந்தாங்கல்ல. மைக்ராஸ்கோப்புல நானே உக்காந்து பாத்தேன். புழு முட்டை ஒண்ணுகூட இல்லாம சுத்தமா வந்தது ரெண்டே ரெண்டு வீடு.

அனுசியா: ஒண்ணு நாங்க!

சுமையா: ஆமா.

அங்காளம்மாள்: இன்னொண்ணு நாங்கதானே?

சுமையா: ஆமாக்கா. அதுதான் எனக்கு ஆச்சரியம். நீங்க எங்ககிட்ட மருந்தே வாங்கல.

அங்காளம்மாள்: எங்க வளர்ப்பு அப்படி. மருந்தாவது மாத்திரையாவது! வேப்பங்கொழுந்து, பப்பாளி விதை... எங்க கைராசி.

சுமையா: ஏன் அனுசியா சிரிக்கிறீங்க?

அனுசியா: நான் எங்க சிரிச்சேன்? தும்மல் வந்துச்சு.

சுமையா: சரி, முக்கியமான விசயம். கான்சாபுரத்துல மகளிர் குழு முப்பது பேரு நாட்டுக்கோழி வளர்க்கப் போறாங்க. அடைவைக்க முட்டை வேணும். ஒரே இடத்துல நாப்பது கோழிக்குக் கொறையாம, நோயில்லாம இருக்கணும். உங்ககிட்ட நாப்பத்துமூணு இருக்குன்னுதான் உங்க பேரை எழுதினேன்.

அனுசியா: எங்க முட்டையா? கான்சாபுரத்துக்கா?

சுமையா: ஆமா. ஆனா இப்ப, நீங்க கூட்டைத் தெறக்கும்போது எண்ணினேன். இருபத்தஞ்சுதான் வெளிய வந்துச்சு.

அனுசியா: ...அது... மேய்ச்சலுக்குப் போயிருக்கும்.

சுமையா: கூட்டைத் தெறக்கிறதுக்கு முந்தியா? அக்கா, உங்க பக்கம் எத்தனை?

அங்காளம்மாள்: கண்ணு போடாம கேளுங்க. பதினெட்டு.

சுமையா: இருபத்தஞ்சும் பதினெட்டும்...

அங்காளம்மாள்: நாப்பத்துமூணு.

சுமையா: அனுசியா... அன்னைக்கு நாப்பத்துமூணு கோழிக்கு அளவு கேட்டு மருந்து வாங்கினீங்க.

அனுசியா: கேட்டேன். அதுக்கென்ன இப்ப? ரெண்டு வீட்டுக் கோழியும் ஒரே குப்பைமேட்டைத்தானே கெளறுது. எங்க கோழிக்கு மட்டும் குடுத்தா, அவிய கோழி எச்சத்துல இருந்து திரும்பவும் ஏறிரும்னு நீங்கதான சொன்னிய? அதான்... விடியக்காலையில சட்டியில மருந்துத் தண்ணியைக் கலந்து, கல்லு மேல ஏறி, அந்தப் பக்கம் எறக்கி வச்சேன். என் கோழிக்காகத்தான். வேற யாருக்காகவும் இல்ல.

அங்காளம்மாள்: கேட்டியளா டாக்டரம்மா! எங்களைக் கேக்காம எங்க கோழிக்கு மருந்து வச்சிருக்கா!

சுமையா: அப்போ வேப்பங்கொழுந்து?

அங்காளம்மாள்: ...அதுவும்தான் போட்டேன்.

அனுசியா: திட்டணும்னா திட்டிக்கிடச் சொல்லுங்க. கோழி உசுரோட நிக்குதுல்ல, போதும். போன ஐப்பசியில அவியளுக்கும் ஒம்பது போச்சு மேடம். அந்த வெள்ளைப் பெட்டைக்கோழி செத்த அன்னைக்கு, சுவத்துக்கு அந்தப் பக்கம் அவிய அழுதது எனக்குக் கேட்டுச்சு. கையில சோத்துத் தட்டோட நின்னேன். கேக்காத மாதிரியே இருந்துட்டேன். அது... இன்னும் நெஞ்சுக்குள்ள கெடக்கு.

அங்காளம்மாள்: யாரு அழுதா? வெறகு அடுப்புப் புகை.

அனுசியா: கேஸ் அடுப்புல ஏது புகை?

சுமையா: சரி, நேரடியாவே கேக்குறேன். இருபத்தஞ்சு பத்தாது, பதினெட்டும் பத்தாது. ரெண்டு வீடும் சேந்தா எழுதிக்கிறேன். ஒருத்தர் மாட்டேன்னாலும் சுந்தரபாண்டியத்துல வேற ஆளு பாத்திருவேன்.

அங்காளம்மாள்: சுந்தரபாண்டியமா? அங்க கோழியா இருக்கு? காடை மாதிரில்லா இருக்கும்!

அனுசியா: நல்லா சொன்னிய... இல்ல, மேடம்கிட்ட சொல்லுதேன். மகாராஜபுரம் முட்டை இருக்கையில சுந்தரபாண்டியம் எதுக்கு?

சுமையா: அப்போ ரெண்டு பேரையும் எழுதவா?

அங்காளம்மாள்: எழுதுங்க. மூத்தவ பேரு மொதல்ல வரணும்.

அனுசியா: மருந்து வச்சவ பேரு மொதல்ல வரணும்.

சுமையா: 'மகாராஜபுரம், அங்காளம்மாள் - அனுசியா'. போதுமா? பக்கத்துப் பக்கத்துலதான் எழுதியிருக்கேன். நடுவுல சுவரு போடல.

அனுசியா: ...காட்டுங்க மேடம். செல்லுல ஒரு படம் எடுத்துக்கிடுதேன். ஊரே பாக்கட்டும்.

அங்காளம்மாள்: எம் மகனுக்கும் அனுப்பணும். அவன் பட்டாளத்துல எல்லாருகிட்டயும் காட்டுவான்.

சுமையா: அனுப்புங்க, அனுப்புங்க. பெருமைப்பட வேண்டியதுதான். இருபது நாளுல தெருவே செய்யாததைச் செஞ்சிருக்கீங்க. ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் பிடிபடல.

அனுசியா: என்ன மேடம்?

சுமையா: மருந்து வைக்கிறதுக்கு மொத நாள் சாயங்காலமே கோழித் தண்ணியை எடுத்திரணும்னு சொன்னேன்ல. தாகம் இல்லாத கோழி மருந்துத் தண்ணியில வாய் வைக்காது. இந்தப் பக்கம் நீங்க எடுத்தீங்க, சரி. அந்தப் பக்கம் பதினெட்டும் ஒண்ணு விடாம எப்படிக் குடிச்சுச்சு?

அனுசியா: அதான் மேடம் எனக்கும் புரியல! சட்டியைத் திரும்ப எடுக்கையில ஒரு சொட்டு இல்ல. காஞ்சு கெடந்துச்சு.

சுமையா: அக்கா... உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

அங்காளம்மாள்: ஏட்டி அனுசியா... சாயங்காலமே தண்ணியை எடுத்துட்டு, நாளைக்குக் காலையில நாப்பத்துமூணுக்கும் மருந்து வைக்கப் போறேன்னு நீ போனுல டாக்டரம்மாகிட்ட சொன்னது எனக்குக் கேக்கலைன்னா நெனைச்ச? அன்னைக்கு சாயங்காலமே தொட்டி, வாளி, குழாயடிப் பள்ளம், ஒண்ணு விடாம எறைச்சுக் கவுத்துப் போட்டது நான்தான்டி. காலையில நீ சட்டியோட சுவத்துல தடுமாறுனப்போ, விழுந்திருவாளோன்னு கதவுக்குப் பின்னாடி ஒரு கால் வெளிய வச்சுல்லா நின்னேன்.