மேற்கு மரத்தடியில் கேட்கப்பட்ட கேள்வி

தோசர் வட்டார நீதிமன்றம். தொழில் விபத்து இழப்பீட்டு வழக்கு. மனுதாரர் தரப்புச் சாட்சியின் வாக்குமூலம்.

என் பெயர் பஷீர், தகப்பனார் பெயர் உமர் ஸ்லிமி. வயது அறுபத்தொன்று. தோசர் நகரின் பழைய குடியிருப்பில் வசிக்கிறேன். நோட்டரியாகத் தொழில் செய்கிறேன். எதிர்மனுதாரரான தோட்ட உரிமையாளர் நூருத்தீன் என் மனைவியின் உடன்பிறந்த தம்பி என்பதை முதலில் பதிவு செய்யக் கோருகிறேன். மனுதாரர் லஸ்ஹர் அவருடைய பேரீச்சந்தோட்டத்து மரமேறி.

கடந்த அக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், தொழுகைக்குப் பின் நான் அத்தோட்டத்துக்குச் சென்றேன். அறுவடைக்கு அன்று விடுமுறை. லஸ்ஹர் வாய்க்காலில் நீர் திருப்ப வந்திருந்தார். நூருத்தீன், லஸ்ஹர், நான் மூவரும் தோட்டத்தின் மேற்கு மரத்தடியில் பாய் விரித்துத் தேநீர் அருந்தினோம். ஒளி பச்சையாக இருந்தது. காற்று இல்லை. பேசிய சொற்கள் சற்றுத் தாமதித்தே காதை அடைவதாகத் தோன்றியது. இது தோற்றமே, உண்மையென்று கூறவில்லை.

அதன்பின் நூருத்தீன் எனக்குப் பழம் தர விரும்பினார். எனக்குச் சர்க்கரை நோய் உள்ளதால் மறுத்தேன். "அத்தான், சும்மா பிகு பண்ணாதீங்க. வாய் இனிக்காம அனுப்பினேன்னு அக்கா காதுக்குப் போச்சுன்னா என்னைத் தொலைச்சிடும்," என்றார். மீண்டும் மறுத்தேன். லஸ்ஹர் சிரித்து, "நோட்டரி ஐயா இன்னொரு தடவை வேணாம்னா ரெண்டு குலையா இறக்கிடலாம்," என்றார். எங்கள் ஊரில் விருந்தாளியின் மறுப்பை மரியாதை என்றே கொள்வார்கள். ஆகவே மூன்றாம் முறை நான் இறைவன்மீது ஆணையிட்டு மறுத்ததும் பயனளிக்கவில்லை.

அதன்பின் நூருத்தீன் முகத்தை உயர்த்தி, யாரையும் பார்க்காமல், "மேற்கு மரம் பழுத்திருக்குமோ?" என்றார். லஸ்ஹர் பாதி குடித்த குவளையைக் கீழே வைத்துவிட்டு, அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வெறுங்காலுடன் ஏறினார். இடுப்புக் கயிறு பூட்டிய அறையில் இருந்தது. சாவி நூருத்தீனிடம் இருந்தது. அவர் எழவில்லை.

உச்சியில் குலைகளுக்குப் பின்னால் வெயில் நின்றது. ஒவ்வொரு பழத்தினுள்ளும் கொட்டை நிழலாகத் தெரிந்ததாக நினைவு. அத்தனை உயரத்தில் அது தெரிந்திருக்க இயலாது என்பதையும் அறிவேன். அதன்பின் அவர் கால் ஊன்றிய மட்டையடி ஒன்று முறிந்தது. அவர் அவசரமின்றி இறங்கி வருவதாகவே கண்டேன். விழுகிறார் என்று விளங்கியபோது அவர் வாய்க்கால் ஓரத்தில் கிடந்தார். விழுந்த ஓசை நினைவில்லை. நீர் ஓடும் ஓசை நினைவிருக்கிறது. உதிர்ந்த பழங்கள் சில நீரோடு உருண்டு அடுத்த தோட்டத்துக்குப் போயின.

நாங்கள் அருகே சென்றோம். அவரது வலது கால் இடுப்பிலிருந்து வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவர் நூருத்தீனைப் பார்த்து, "பழுத்திருக்கு, முதலாளி," என்றார். அதன்பின் நினைவிழந்தார்.

தற்போது அவரால் ஊன்றுகோலின்றி நடக்க இயலாது. இனி மரமேறவும் இயலாது. ஏறும்படி உத்தரவு இல்லை, விருந்தாளிக்காகத் தம் விருப்பப்படி ஏறினார், எனவே இழப்பீடு இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் கூறுகிறது. கடந்த வாரம் நூருத்தீன் என் வீட்டுக்கு வந்து, "அத்தான், நான் 'ஏறு'ன்னு சொன்னேனா? காதுல விழுந்ததை மட்டும் சொல்லுங்க, போதும்," என்றார். "காதுல விழுந்தது எல்லாத்தையும் சொல்வேன்," என்றேன். என் மனைவி ஊற்றிய தேநீரைத் தொடாமல் சென்றார்.

'ஏறு' என்ற சொல் கூறப்படவில்லை என்பது உண்மை. எங்கள் தோட்டங்களில் எந்த உரிமையாளரும் அதைக் கூறுவதில்லை. ஏறியவர் விழுந்தால் அந்த உயிர் கூறியவர் கணக்கில் சேரும் என்று நம்புகிறார்கள். பழுத்திருக்குமோ என்று கேட்பார்கள், மரமேறி ஏறுவார். அறுவடைக் காலத்தில், கூலி தரும் நாள்களிலும் வேலை இப்படித்தான் ஏவப்படுகிறது. லஸ்ஹர் தரையில் கிடந்தபடி கூறியதை, கேட்ட கேள்விக்கான பதிலாகவே நான் கொண்டேன்.

மேற்கண்டவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. லஸ்ஹர் "வெறுங்காலுடன் தானாக ஏறினார்" என்று எழுத்தர் எழுதியிருந்தார். அவ்வாறு நான் கூறவில்லை. 'தானாக' என்ற சொல் என் கோரிக்கையின்பேரில் அடிக்கப்பட்டது. எஞ்சியவை அனைத்தும் என் அறிவுக்கும் நினைவுக்கும் எட்டியவரை உண்மை என ஏற்று, அடித்தலின் அருகே ஒருமுறையும் இங்கே ஒருமுறையும் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
பஷீர் உமர் ஸ்லிமி