திருச்சி வரைக்கும் வயர்

இப்போது வயரே இல்லாத கேம் கன்ட்ரோலரைக் கடையில் பார்த்தால், எண்பதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைக்குப் போன ஒரு பஸ்தான் ஞாபகத்துக்கு வருகிறது. எனக்கு முன்சீட்டில் தேயிலைத் தோட்டத்து இளைஞர்கள் இரண்டு பேர். ஹட்டன் கடையொன்றில் டிவியோடு மாட்டியிருந்த கம்ப்யூட்டரில் விளையாடிவிட்டுத் திரும்புகிறார்கள். எப்போதும் ஒரே ஆட்டத்தை இருவரும் சேர்ந்து ஆடுவார்களாம். ஒரே கன்ட்ரோலரில் நெட்டையன் குச்சியைத் திருப்புவான், சிவப்பு ஸ்வெட்டர் போட்டவன் பட்டனை அமுக்கிச் சுடுவான்.

“பட்டனு தனியா கழண்டு வரணும்டா,” என்றான் ஸ்வெட்டர்காரன்.

“மொதல்ல குச்சிய சரி பண்ணச் சொல்லு. எடது பக்கம் போனா திரும்பி வர மாட்டேங்குது,” என்றான் நெட்டையன்.

“அது கெடக்கட்டும். பட்டனு கழண்டு வரணும், வயரும் நீளமா இருக்கணும்.”

“எம்புட்டு நீளம்?”

“திருச்சி வரைக்கும். அடுத்த வாரம் குடும்பத்தோட இந்தியாவுக்குக் கப்பலேறுறப்ப நான் பட்டன கொண்டுபோயிருவேன். குச்சி ஒங்கிட்டயே இருக்கட்டும்.”

நோர்வூட் தாண்டும்வரை நெட்டையன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

“நான் இங்க திருப்புறது அங்க ஒனக்கு எப்புடிடா தெரியும்?”

“இத்தன நாளும் நீ சொல்லியா நான் சுட்டேன்?”